சகலையும் பச்சை முந்திரிக்கொட்டையும்

சகலை நல்லவராக அமைந்துவிட்டால் ரொம்பக் கஷ்டம். கெட்டவர் என்றால் நாலு பேரிடம் குறை சொல்லியாவது மனதை ஆற்றிக்கொள்ளலாம். என் மனைவியின் அக்காள் கணவர் செல்வராசுவிடம் அதற்கும் வழியில்லை. துபாயில் வேலை. அவர் லீவில் வந்தால் ஆண்டிமடத்தில் எங்கள் மாமியார் வீடு கல்யாண வீடாகிவிடும். நான் பெரம்பலூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், மாதாமாதம் போய்க்கொண்டிருப்பவன். (என்னைக் கண்டால் “வாங்க” என்பார்கள். அவரைக் கண்டால் கோழி அடிப்பார்கள்.)

போன சித்திரையில் அவர் வந்திருந்தபோது, ஒரு சாயங்காலம் குடும்பத்தோடு முந்திரிக்காட்டுக்கு நடந்தோம். என் மகள் மதி பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள். அவர் எதைச் சொன்னாலும் வாயைப் பிளந்து கேட்டாள். நான் சொல்லி அவள் எதையும் அப்படிக் கேட்டதே கிடையாது. எனக்கு வயிறு எரிந்தது.

அவர் ஒரு முந்திரிப்பழத்தைப் பறித்துக் கொடுத்தார். மதிக்குப் பழம் போதவில்லை, அடியில் தொங்கிய கொட்டைக்குள் இருக்கும் பருப்பும் உடனே வேண்டுமாம். வீட்டுக்குப் போய்ச் சுட்டு உடைத்துத் தருவதாகச் சகலை சொன்னார். அவள் முகம் சுருங்கியது.

எனக்கு அது போதும். எங்கள் பக்கம் விளைவது மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும்தான். மாமியார் ஊருக்கு மாதாமாதம் வந்தாலும் காட்டுப் பக்கம் போனதில்லை, முந்திரியை நான் பாயசத்தில்தான் பார்த்திருக்கிறேன். “அப்பா தரேன், வா” என்று பச்சைக் கொட்டையைப் பல்லுக்கிடையில் வைத்தேன்.

“மாப்ள, கடிச்சிராதீங்க, வாயி வெந்துரும்” என்று மாமியார் சொல்லி முடிப்பதற்குள் கடித்துவிட்டேன். ஓட்டிலிருந்த எண்ணெய் உதட்டில் பட்டதும் தீயை வைத்ததுபோல் எரிந்தது. ஆனாலும் சிரித்தபடி, ஒன்றுமில்லை என்றேன். கொஞ்ச நேரத்தில் ஒன்றுமில்லை என்று சொல்லவும் உதடு மடங்கவில்லை.

பக்கத்து முந்திரிக் கொல்லைக்காரர் வீட்டுக்கு ஓடித் தேங்காய் எண்ணெய் வாங்கி வந்தவர் யார்? சகலைதான். தன் வேட்டி நுனியாலேயே என் வாயைத் துடைத்து எண்ணெய் தடவினார். (இதிலுமா முந்திக்கொள்ள வேண்டும்?)

அப்போதுதான் மதி அவர் பக்கத்திலிருந்து வந்து என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவோடுதான் வருவேன் என்றாள். வீடு வரைக்கும் விடவில்லை. வாய் மட்டும் ஒத்துழைத்திருந்தால் ஊருக்கே கேட்கிற மாதிரி பாடியிருப்பேன்.

சகலை என் பக்கத்தில் நடந்து வந்தார். அவருடைய மகன் செல்போனைப் பார்த்தபடி தூரத்தில் தனியாக வந்துகொண்டிருந்தான்.

“குடுத்து வச்சவரு சகல நீங்க” என்றார். “எம்பையன் எங்கிட்ட ஒட்டறதுக்குள்ள லீவு முடிஞ்சிருது. உங்கள பாத்தா பொறாமையா இருக்குங்க.”

அந்த மனிதர் என்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார்! எத்தனை வருடமாக நான் காத்திருந்த வார்த்தை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது சந்தோஷப்பட முடியவில்லை. ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தேன். “ப்பூ ப்பூ” என்றுதான் வந்தது.

இப்போதும் வெள்ளிக்கிழமை குடும்பமாக வீடியோ காலில் பேசுகிறோம். அவர் துபாயிலிருந்தும், அவர் மகன் ஆண்டிமடத்தில் பாட்டி வீட்டிலிருந்தும் திரையில் வருவார்கள். மதி “பெரியப்பா” என்று ஓடும்போது எனக்கு இன்னமும் வயிறு எரியத்தான் செய்கிறது. சகலை எடுத்த எடுப்பில், “எங்க, உதட்டக் காட்டுங்க” என்பார். நானும் உதட்டை வீங்கினாற்போல் பிதுக்கிக் காட்டுவேன். அதற்கு மட்டும்தான் அப்பாவும் மகனும் சேர்ந்து சிரிக்கிறார்கள்.