இடது பக்க வெல்கம் லைட் எரியவில்லை, மாமு

அன்பும் மரியாதையும் நிறைந்த ஹனீஃபா மாமுவுக்கு, உங்கள் தங்கை மகள் ஷாஸியா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே அம்மா, அத்தா, அக்கா ருக்ஸானா, நான் எல்லோரும் சுகம். சவூதியில், தம்மாமில் நீங்களும் மாமியும் சுகமாக இருக்க துஆ செய்கிறோம். நீங்கள் எங்கள் வாசலில் விட்டுப்போன கார் மட்டும் சுகமில்லை. வாய்ஸ் நோட் அனுப்பினால் டபுள் ஸ்பீடில் ஓட்டிக் கேட்கிறீர்களாம், மாமி போட்டுக்கொடுத்துவிட்டார். அதனால்தான் கடிதம்.

“ஒரு பல்பு எரியலைன்னாலும் வண்டியைக் கை மாத்தாதே. நம்ம கடையில ஒரு இழை அறுந்த சேலையைக்கூட காட்டிட்டுத்தான் விப்போம்” என்று சொன்னது நீங்கள்தானே? அதனால் வியாழக்கிழமை நானே முழு செக்கப்பில் இறங்கினேன். மெக்கானிக் எதற்கு? ஒன்றரை வருடமாக கார் வீடியோவாகப் பார்த்துத் தள்ளுகிறேன், எனக்கே ஒரு சேனல் இருக்கிறது, நாற்பத்தொரு சப்ஸ்கிரைபர், அதில் நாலு பேர் நம் வீடு. ஹெட்லைட் ஓகே, இண்டிகேட்டர் ஓகே, ஹார்ன் தெருவுக்கே ஓகே. மிச்சம் வெல்கம் லைட். ரிமோட்டை அமுக்கினதும் ரெண்டு பக்கக் கண்ணாடிக்கு அடியிலும் எரிந்து, கால் வைக்கிற இடத்தைக் காட்டுமே, அதுதான். முப்பது செகண்டில் அணைந்துவிடும். பட்டப்பகலில் எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. இருட்டும்வரை காத்திருக்கவும் முடியாது, வண்டியை வாங்குகிற முரளீதரன் சார் நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். ஆகவே அம்மாவின் ஜமுக்காளம் இரண்டையும் வண்டிமேல் போர்த்தி, நான் உள்ளே ஊர்ந்து தரையோடு படுத்தேன். ருக்ஸானா வெளியே ரிமோட்டோடு நின்றாள். “அமுக்குடி!” என்றேன். டிக்கி திறந்தது. மறுபடி “அமுக்குடி!” என்றேன். அலாரம் அலறியது. எதிர்வீட்டு மணியம்மாள் அக்கா தறியை விட்டு ஓடிவந்தார்.

“இன்னா ருக்கு, வண்டிக்குக் குளிர் ஜுரமா? போத்தி வச்சிக்கினு கீறீங்க!”

“ஆமாக்கா, உள்ள டாக்டரம்மா பார்த்துக்கினு இருக்காங்க.”

அந்த நேரம் பார்த்து முரளீதரன் சார் அரை மணி முன்னாடியே வந்துவிட்டார். அவர் கண்ணில் பட்டது வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் இரண்டு கால்கள். “ஐயையோ, யாரோ அடிபட்டுக் கெடக்கா! ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கோ!” என்று சின்ன காஞ்சிபுரம் வரை கேட்கும்படி கத்தினார். நான் தலையை நீட்டி விஷயத்தைச் சொன்னேன். ரிடையர்டு கணக்கு வாத்தியார் இல்லையா, நம்பாமல் வேட்டியை மடித்துக்கட்டி அவரும் ஜமுக்காளத்துக்குள் வந்துவிட்டார். வலது பக்கம் பளிச். இடது பக்கம் கும்மிருட்டு. படுத்தபடியே சொன்னார்: “அந்தப் பக்கம்தாம்மா என் ஆத்துக்காரி எறங்குவா. முட்டி ஆபரேஷன் ஆனவ. கால் வைக்கற எடம் தெரியணும். அதுக்குத்தான் இந்த வண்டியே வேணும்னேன். சரிபண்ணிட்டுச் சொல்லு, வரேன்.”

அந்த முப்பது செகண்ட் உங்களுக்கு ஞாபகம் இருக்கா மாமு? நான் அஞ்சாவது படிக்கும்போது, நீங்க லீவுல வந்தா, கரண்ட் போன தெருவுல பள்ளிவாசல் முனையிலிருந்தே ரிமோட்டை அமுக்குவீங்க. தரையில ரெண்டு வட்டம் விழும். இடது வட்டத்துல யார் முதல்ல காலை வைக்கிறாளோ அவளுக்கு முன் சீட். ருக்கு என் ஜடையைப் பிடிச்சு இழுப்பா, நான் செருப்பை வீசி இடம் போடுவேன், “செருப்பு முன்னாடி ஒக்காரட்டும், நீ பின்னாடி வா”ன்னு சிரிப்பீங்க. கூரம் வரைக்கும் ஒரு ரவுண்டு, ஆளுக்கொரு ரோஸ் மில்க், திரும்பி வரும்போது நான் தூங்குற மாதிரி நடிப்பேன், நீங்க தூக்கிக்கிட்டுப் போகணும்னு. இப்போ என்னடான்னா, ‘இனிமே வந்தா வாடகை வண்டி போதும்’னு சொல்றீங்க. கார் நம்ம வாசல்ல நிக்கிற வரைக்கும் நீங்க வருவீங்கன்னு எனக்கு ஒரு தைரியம். அதுவும் போயிட்டா எதுக்கு வரப்போறீங்க? அதனால, எரியாத லைட்டோட விக்கிறது நம்ம கடை வழக்கம் இல்லை, அந்த மாடல் பல்பும் இப்போ எங்கேயும் கிடைக்கலை, எனவே விற்பனையை நிறுத்திவிடும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

மாமிக்கு என் சலாம், குட்டி மொஹசினுக்கு ரெண்டு கன்னத்திலும் முத்தம். உங்கள் உழைப்பில் பரக்கத்தும் உடம்பில் தெம்பும் அல்லாஹ் தரட்டும்.

ஷாஸியா

பி.கு.: இடது பல்பைப் புதன்கிழமையே நான்தான் கழட்டினேன். என் பென்சில் பாக்ஸில் இருந்தது. சார் அந்தம்மா முட்டியைப் பத்திச் சொன்னதுலேர்ந்து எனக்குச் சோறு இறங்கலை. இப்பதான் போய் மாட்டிட்டு வந்தேன், நல்லாவே எரியுது. வண்டியைக் கொடுத்துடலாம். ஆனா ‘சரி’ன்னு போன்ல சொல்லிடாதீங்க மாமு, லெட்டர்ல எழுதிப் போடுங்க. வந்து சேர பதினஞ்சு நாளாவது ஆகும்ல?