தெருவையே துப்ப வைத்தவர்

தென்காசி வட்டாரத்தில் அந்தக் காலத்தில் முட்டைக்குத் தட்டுப்பாடு வந்ததென்றால் அதற்கு ஒரே காரணம் குப்பி டாக்டர்தான். எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன்.

அறுபதுகளின் தொடக்கம். மேலகரத்தில் ஒரு வாடகை வீட்டில் அவர் காசநோய் ஆராய்ச்சி நடத்திவந்தார். நான் அங்கே உதவியாளன். நோயாளியின் சளியைக் குப்பியில் வாங்கி, முட்டை கலந்த கூழில் தடவி, வெதுவெதுப்பான பெட்டிக்குள் வைப்போம். காசக்கிருமி மகா சோம்பேறி; முளைத்து வர ஆறேழு வாரம் ஆகும்.

கூடை கூடையாக முட்டை போவதைப் பார்த்து, கோழிக்கார அம்மா ஒருநாள் டாக்டரிடம் கேட்டாள்.

"ஐயா வீட்ல எத்தன பேரு?"

"எண்ண முடியாதும்மா. எல்லாரும் குப்பிக்குள்ளல்லா இருக்காவ!"

அவர் பிரம்மச்சாரி. அன்றிலிருந்து அந்த அம்மா கூடையை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

குப்பியில் மஞ்சளாய்க் கிருமி முளைத்தால் "பூத்துட்டுலே!" என்று துள்ளுவார். முளைக்காவிட்டால் அன்று காப்பிகூட இறங்காது. வெறும் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "முட்ட வீணாப் போச்சே" என்று எழவு வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருப்பார்.

சாரல் தொடங்கினால் குற்றாலத்து அருவிக்கரையில் குப்பியோடு நிற்பார். எண்ணெய் தேய்த்தவன் ஒரு இருமல் இருமினால் தொலைந்தான்.

"நான் குளிக்கல்லாவே வந்தேன்!"

"நல்லாக் குளியும். அதுக்கு முன்ன ஒரு துப்பு துப்பிட்டுப் போம்."

மருந்துக்கு ஒரு கிருமி சாகிறது, பக்கத்துக் கிருமி சாகவில்லை, ஏன் என்பதுதான் அவருடைய ஓயாத கேள்வி. கிருமிக்குள் இருக்கும் உயிர் இழையில் எங்கோ பிசகு என்பார். வடகரை நெசவாளி ஒருவரிடம் இரண்டு நூலை வாங்கி முறுக்கி, பிரித்து, மறுபடி முறுக்கி விளக்கினார். பொறுமையாகக் கேட்ட மனுஷர், "எல்லாஞ் சரி டாக்டரே, என் நூலத் தாரும்" என்றார்.

இப்படிப்பட்டவரிடம்தான் நான் அழுதுகொண்டு போய் நின்றேன். என் தங்கை செல்லம்மாளுக்குச் சுரண்டையில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. அவளுக்கு விடாத இருமல், சோதித்தால் காசம். வெளியே தெரிந்தால் எங்கள் வீட்டில் ஒருத்தரும் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். டாக்டரின் ஜீப் வாசலில் நின்றாலே கல்யாணம் அதோடு சரி.

"ஜீப்பு மட்டும் வர வேண்டாம்யா."

"ஊசி போட நர்சம்மா வரணும்லாலே. குணமாகுற வரைக்கும் கல்யாணத்தத் தள்ளிப் போடு. வியாழன் சரியில்லன்னு சொல்லு."

ஜாதகம் என்றாலே எரிந்துவிழுகிறவர் சொன்ன யோசனை இது!

மறுநாள் டாக்டரோடு ஜீப் எங்கள் தெருவுக்கு வந்தது. முதல் வீட்டில் நின்றது. அடுத்த வீட்டிலும் நின்றது. ஒரு வீடு பாக்கியில்லாமல் நின்று, எல்லா வீட்டுக்குள்ளும் நர்சம்மா போய், எல்லார் கையிலும் குப்பி கொடுத்தார். எங்கள் வீட்டுக்குள் மட்டும் குப்பியோடு ஊசியும் போனது. தெரு கொதித்தது.

"எங்க வீட்லதான் ஒரு சீக்கும் இல்லியே!"

"சீக்கில்லாத சளிதான் கெடைக்கவே மாட்டேங்கு. பெரிய மனசு பண்ணித் துப்புங்க."

பிறகு யார் வீட்டுக் குப்பி நிறைந்திருக்கிறது என்று போட்டியே நடந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா நாலு இடத்தில் விசாரிக்க வந்தார். "இங்கன எந்த வீட்ல காசம்?" என்று கேட்டு வாயை மூடவில்லை, அவர் கையிலும் குப்பி.

"அண்ணாச்சி, சுரண்டச் சளி எங்கிட்ட இல்லவே இல்ல."

பெரியப்பா பெருமையாகத் துப்பிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார்.

வாரம் இரண்டு தடவை இந்தக் கூத்து நடந்தது. அத்தனை வீட்டுச் சளியிலும் அவர் ஆராய்ச்சிக்குப் பைசா பிரயோசனம் கிடையாது. எனக்கு அது தெரியும். தெருவிலோ அவருக்குக் கிறுக்கு என்றே பேசிக்கொண்டார்கள், அவரும் சிரித்துக்கொண்டு கேட்டுக்கொண்டார். அவரைக் கும்பிடத் தோன்றும் எனக்கு.

ஒரு வருஷம் மருந்து முடிந்து, செல்லம்மாளின் கடைசிக் குப்பியை அவர் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மொளைக்கலலே! ஒண்ணுமே மொளைக்கல! போ, நாள் பாக்கச் சொல்லு!"

ஒரு வெறும் குப்பியைப் பார்த்து அந்த மனுஷர் துள்ளியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.