சாமி இல்லாத பெண் வேண்டும்

நான் நாத்திகவாதி ஆனதற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. அந்தச் சொல் எனக்குப் பிடித்துப்போனது, அவ்வளவுதான். பல்கலைக்கழகக் கெம்பஸில் ஒரு விவாதப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் படிக்க உட்கார்ந்தபோது இறைமறுப்பு, பகுத்தறிவு, சடங்கு எதிர்ப்பு என்று ஒவ்வொன்றாகக் கையில் கிடைத்தன. யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்து, காய்ச்சல் வந்தாலும் பரீட்சை வந்தாலும் திருநீறு பூசி வளர்ந்தவள் நான். அந்தச் சொற்களை வாய்விட்டுச் சொன்னபோது கொஞ்சம் உயரமாகிவிட்ட மாதிரி இருந்தது. சிங்களத் தோழிகளிடமும் ‘மம அதேவவாதியெக்’, நான் நாத்திகவாதி, என்று அறிவித்துப் பார்த்தேன். (அவர்கள் ‘எஹெமத’, அப்படியா, என்று கேட்டுவிட்டு வடை சாப்பிடப் போய்விட்டார்கள்.)

அந்த லீவுக்கு வீட்டுக்கு வந்தபோது, என்னைப் பெண் பார்க்கக் கலவானைப் பக்கத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்றார் அம்மா. மாப்பிள்ளை தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி ஓட்டுகிறவர். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் என் படிப்பு பாதிதான் முடிந்திருந்தது. கலவானைக்குப் போய்விட்டால் அது பாதியிலேயே நிற்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒரே ஆறுதல், படிப்பு முடிகிற காலம் வரை எனக்குக் கல்யாண நேரமே இல்லை என்று சாத்திரக்காரர் சொன்னதாக அப்பா சொல்லியிருந்தார். ‘சும்மா பார்த்து வைப்போம்’ என்று அம்மா கெஞ்சியதால்தான் அவரும் சம்மதித்தார். உலகத்தில் எந்தச் சாத்திரத்தையும் நம்பாத நான், அந்த ஒரு சாத்திரத்தை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தேனா? வருகிறவர்கள் பக்தி மிகுந்த குடும்பம் என்று கேள்விப்பட்டதும், நாத்திகவாதி என்று ஒரு போடு போட்டால் வந்த வழியே ஓடிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். நெற்றியைச் சுத்தமாகத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணீர்த் தட்டோடு போய் நின்றேன்.

மாப்பிள்ளையின் அம்மா என் நெற்றியைத்தான் முதலில் பார்த்தார்.

“ஏம் புள்ள, நெத்தியில ஒண்ணுமில்லாம இருக்கீங்க?”

“நான் நாத்திகவாதிங்க. சாமி இல்லைன்னு சொல்றவ.”

அம்மா கையிலிருந்த பிஸ்கட் தட்டு சாய்ந்தது. அப்பா இருமினார். மாப்பிள்ளையின் அப்பா சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தார். நான் எதிர்பார்த்த அமைதி அப்படியே கிடைத்தது. அதை ரசிக்கக்கூட எனக்கு நேரம் தரவில்லை அந்த அம்மா.

“மாரியம்மனுமா?”

“இல்லைங்க.”

“முனி?”

“இல்லைங்க.”

“உங்க வீட்டுக் குலசாமி கனவுல வந்து எதுவும் கேக்காதா?”

“கேக்காதுங்க.”

ஒவ்வொரு ‘இல்லை’க்கும் அவர் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. கடைசியில் கணவரின் தொடையைத் தட்டி, “இந்தப் புள்ளதாங்க நமக்கு” என்றார்.

விஷயம் பிறகுதான் விளங்கியது. அவர்கள் வீட்டுச் சாமி முனி, கோழி கேட்கிற சாமி. மூத்த மருமகள் தன் பிறந்த வீட்டுச் சாமியைக் கையோடு கொண்டுவந்திருக்கிறாள். அது சுத்த சைவம். வெள்ளிக்கிழமை வந்தால் வீட்டில் அடுப்பு எரிவதில்லை. கோழி அடித்தால் அதற்குக் கோபம், அடிக்காவிட்டால் இதற்குக் கோபம்.

“ஒரு காம்பராவுல ரெண்டு சாமிய வச்சிக்கிட்டு நாங்க படுற பாடு எங்களுக்குத்தான் தெரியும். இந்தப் புள்ள கைய வீசிக்கிட்டு வரும்” என்றார் அந்த அம்மா. அவர் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

புத்தியுள்ளவள் அங்கேயே நிறுத்தியிருப்பாள். நான் விவாதப் போட்டிக்காரி அல்லவா, மிச்சமிருந்த சொற்களையும் எடுத்து வீசினேன். சடங்குகளை எதிர்க்கிறேன், ஐயர் வேண்டாம், தாலி வேண்டாம், நல்ல நேரம் கெட்ட நேரம் எல்லாம் மூடநம்பிக்கை என்றேன்.

அதுவரை கலண்டரையே பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் அப்பா முதல் முறையாக வாயைத் திறந்தார்.

“அப்ப நேரம் பாக்கத் தேவையில்ல. இந்த மாசமே வச்சிருவோம்.”

எனக்கிருந்த ஒரே வேலியை என் வாயாலேயே பிடுங்கிப் போட்டிருக்கிறேன். அப்பாவைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது. சாத்திரம் பொய் என்று மகளே சொன்ன பிறகு பாவம், அவர் எதைக் காட்டி மறுப்பார்? அந்த அம்மா மடியிலிருந்து பூவை எடுத்துவிட்டார். என் தலையில் வைத்தால் முடிந்தது கதை.

லயத்துக் கடைசியில் இருந்த மாரியம்மன் கோயிலில், திருவிழாவுக்காகப் பையன்கள் தப்பு அடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். அது காதில் விழுந்ததும் நான் செய்ததை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. தலைமுடியை அவிழ்த்துவிட்டேன். பல்லைக் கடித்தேன். ஆடினேன். பகுத்தறிவு படித்த என் வாயிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று எனக்கே தெரியாது.

“இவ எம் புள்ளடா! படிச்சு முடிக்கிற வரைக்கும் எவனும் இவ மேல கை வைக்கக் கூடாது!”

அம்மா எங்கிருந்து வேப்பிலை கொண்டுவந்தார் என்பது இன்றுவரை மர்மம். அடுத்த காம்பராக்காரர்கள் சூடம் கொளுத்தினார்கள். மாப்பிள்ளையின் அம்மா பூவை என் காலடியில் போட்டுவிட்டு விழுந்து கும்பிட்டார்.

“தெரியாம வந்துட்டோம் தாயே. ஏற்கனவே ரெண்டு இருக்கு. உன்னையும் கூட்டிட்டுப் போனா நாங்க எங்க போயி படுக்கிறது?”

தேத்தண்ணீர் ஆறுவதற்குள் அவர்களுடைய வேன் கீழ் ரோட்டில் இறங்கிவிட்டது.

கூட்டம் கலைந்ததும் அம்மாவிடம் எல்லாம் நடிப்பு என்று சொன்னேன். அம்மா என் நெற்றியில் திருநீறு பூசியபடி, “நீ எங்க நடிச்ச? ஒன்ன நடிக்க வச்சதே அவதான்” என்றார். விவாதப் போட்டியில் யாரும் என்னை இப்படி மடக்கியதில்லை.

அப்பா வாசலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய், சாத்திரக்காரர் சொன்னதைக் கெடுக்கப் பார்த்தேனே, மன்னித்துவிடுங்கள் என்றேன். அம்மாவுக்குக் கேட்கிறதா என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

“எந்தச் சாத்திரக்காரரு? நான் யார்ட்டயும் போகல. ஒன் படிப்பு முடியட்டும்னு நானா சொன்னது.”

அன்றைக்கு விழுந்த அடிகளிலேயே பெரிய அடி அதுதான். வருடம் தவறாமல் காவடி தூக்குகிற மனுஷன், எனக்காகக் கிரகங்களையே தன் இஷ்டத்துக்கு நகர்த்தி வைத்திருக்கிறார். எனக்குத் தெரிந்த அத்தனை பெரிய சொற்களிலும் அவரை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று ஒன்றும் அகப்படவில்லை. அழுதுவிட்டேன். (அதையும் அம்மா ஆத்தா கணக்கில்தான் எழுதினார்.)

படிப்பை முடித்தேன். இப்போது வரக்காப்பொலப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஆனால் அன்றிலிருந்து எங்கள் தோட்டத்துத் திருவிழாவில் முதல் காப்பு எனக்குத்தான் கட்டுகிறார்கள். முதல் வருடம் கடுமையாக மறுத்தேன். நாத்திகவாதி என்பதில் தொடங்கி, அத்தனை சொற்களையும் மறுபடி ஒப்பித்தேன். பூசாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, கமிட்டிக்காரர்களிடம் திரும்பி, “ஆத்தா சில நேரம் இப்பிடித்தான், தன்னையே இல்லம்பா” என்றார். அவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு நான் எதை மறுத்தாலும் அது அருள்வாக்குத்தான்.

போன வாரம் அப்பா போன் எடுத்தார். வழக்கம்போல எடுத்த எடுப்பிலேயே கிண்டல்.

“நாத்திகவாதி இருக்காங்களா? வெள்ளிக்கிழம காப்புக் கட்டு. ஆத்தா லீவு போட்டாச்சா?”

போட்டுவிட்டேன்.