சிங்கத்தின் மேசைக்கடியில் ஒரு ரவுட்டர்

ஒரு காட்டில் இன்ஜினியரிங் காலேஜ் ஒன்று இருந்தது. காட்டுக்குள் எப்படி அனுமதி கிடைத்தது என்று கேட்காதீர்கள். நம்மூரில் ஏரிக்குள்ளேயே கிடைக்கிறது.

பரீட்சை ஹால் டிக்கெட் இறக்க வேண்டிய கடைசி நாளில் நெட் படுத்துவிட்டது. முதல்வர் சிங்கம், நெட்வொர்க் பார்க்கும் கீரி சொக்கையாவைக் கூப்பிட்டது.

"என்னய்யா ஆச்சு?"

"எவனோ சொந்தமா ரவுட்டர் வாங்கி நம்ம லைன்ல செருகியிருக்கான் ஐயா. நம்ம ரவுட்டர் ஒரு வழி காட்டுது, அது வேற வழி காட்டுது. கம்ப்யூட்டர் எல்லாம் திருதிருன்னு முழிக்குது."

"சாயங்காலத்துக்குள்ள பிடிச்சாகணும். இல்லேன்னா நீ வேற காடு பாத்துக்க."

சொக்கையா சர்வர் அறைக்கு ஓடியது. பாவம், தற்காலிக வேலை. வீட்டில் குட்டிகள் வேறு.

அதற்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். ஊரே நெட் இல்லாமல் தவிக்கும்போது திருட்டு ரவுட்டர் வைத்தவனுக்கு மட்டும் நெட் ஓடும். ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கினால், எவன் கத்துகிறானோ அவன்தான் ஆள். ஹாஸ்டல் ஒயரைப் பிடுங்கியது. சத்தமில்லை. லேப், நூலகம், கேன்டீன், எங்கும் சத்தமில்லை. கடைசியாக ஒன்றைப் பிடுங்கியது. முதல்வர் அறையிலிருந்து கர்ஜனை கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தால், மேசைக்கடியில் சந்தனம் குங்குமம் வைத்த புது ரவுட்டர்.

"இது... ஐயாவோடதுங்களா?"

"மாப்பிள்ளை ஆசையா வாங்கிக் குடுத்தது. நல்லா ஓடிட்டிருந்துச்சு, திடீர்னு நின்னுபோச்சு. ஏன், அதுக்கென்ன?"

"அதுக்கு ஒண்ணுமில்லங்க ஐயா."

சொக்கையா வெளியே வந்து யோசித்தது. உண்மையைச் சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டாலும் போகும். நேரே சர்வர் அறைக்குப் போய், காலேஜ் ரவுட்டரைக் கழற்றி எறிந்தது. வெளியிலிருந்து வரும் இணைய லைனை இழுத்துவந்து சிங்கத்தின் ரவுட்டரில் செருகியது. மற்ற ஒயர்களையும் பழையபடி செருகியது. நெட் ஊர்ந்து ஊர்ந்து வந்தது. ஆனால் வந்தது.

"பிடிச்சுட்டேன் ஐயா. திருட்டு ரவுட்டர் நம்ம சர்வர் ரூம்லயே இருந்திருக்கு."

"அடப்பாவிகளா, எவ்வளவு நாளா?"

"காலேஜ் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து."

சிங்கம் பல்லைக் கடித்தது. அன்றே சொக்கையாவின் வேலையை நிரந்தரமாக்கியது. அந்தக் காலத்தில் காலேஜ் ரவுட்டரை வாங்கிவைத்த கரடிக்கு மெமோ போனது. கரடி ரிட்டையராகி, பக்கத்துக் காட்டில் தேன் விற்றுக்கொண்டிருந்தது.

நீதி: திருட்டு ரவுட்டரைப் பிடிக்க ஒயரைப் பிடுங்கத் தெரிந்தால் போதும். வேலையில் நிலைக்க, எந்த ஒயரைத் திரும்பச் செருக வேண்டும் என்று தெரிய வேண்டும்.