ரேடியோ அண்ணனின் நெஞ்சு

வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் ஒரு சீனத்து அங்கிள். அவருக்கு எதிரே ஈரல் வீங்கிய மலாய்க்காரப் பெரியவர். கதவோரம் நான், நெஞ்சடைப்பு வந்தவன். எனக்குப் பக்கத்தில் ரேடியோ அண்ணன்.

தன் நோயை இவ்வளவு பெருமையாக வைத்திருந்த ஆள் ஜார்ஜ்டவுனிலேயே கிடையாது. பட்டர்வொர்த் ஃபெரிப் படகில் கயிறு கட்டும் வேலை பார்த்த மனுசன். உண்மைப் பெயர் வேறு. நெஞ்சில் வால்வு பழுது. டாக்டர் குழாயைக் காதில் மாட்டி வைத்தால் புஸ்ஸு புஸ்ஸென்று சத்தம் வருமாம். அதைக் கேட்க டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகள் தினமும் வருவார்கள். அதனால் ரேடியோ.

ஏழைகளுக்கென்று அந்தக் காலத்தில் தொடங்கிய ஆஸ்பத்திரி என்பார்கள். இன்றைக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு அதுதான். தனியாருக்குப் போயிருந்தால் நான் வீட்டை விற்றிருப்பேன். இங்கே நாம் சும்மா படுத்திருந்தாலே போதும், நாலு பிள்ளைகள் நம்மைப் பார்த்துப் படித்துக்கொள்வார்கள். எனக்கு அது கூச்சம். ரேடியோவுக்குத் திருவிழா.

காலையிலேயே தலை வாரிக்கொள்வார். சட்டைப் பொத்தானைக் கழற்றி நெஞ்சில் பவுடர் போடுவார். பிள்ளைகளின் குழாயெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் போகும். தாதி திட்டினார். மறுநாள் பவுடர் இன்னும் கொஞ்சம் கூடியது.

ஒருநாள் பிள்ளைகள் நேராக மலாய்க்காரரின் ஈரலுக்குப் போய்விட்டார்கள். ரேடியோ இருமிப் பார்த்தார். யாரும் திரும்பவில்லை. அன்று மத்தியானம் அவர் கஞ்சி குடிக்கவில்லை. மாலையில் எங்கள் வீட்டாட்கள் சாப்பாட்டோடு வந்தார்கள். அவருக்கு யாரும் வரவில்லை. என்றைக்குமே வந்ததில்லை.

பிறகு பெரிய டாக்டர் வந்தார். வால்வை மாற்றியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ரொம்ப நாள் தாங்காது என்றார். ரேடியோ வேண்டாம் என்றுவிட்டார். டாக்டர் மூன்று மொழியில் சொல்லிப் பார்த்தார். மூன்று மொழியிலும் வேண்டாம்.

அவர் போன பிறகு நான் கேட்டேன். “ஏண்ணே?”

“சரியாப் போச்சுன்னா இந்தப் பிள்ளைங்க எதுக்கு தம்பி வரும்?”

“செத்துட்டா மட்டும் வருமா?”

“வரும்லா. உடம்ப காலேஜுக்கு எழுதிக் குடுத்துட்டாப் போச்சு.”

“வருவாங்க. நீங்க பேச முடியாது.”

அவர் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இரண்டு நாள் என்னோடு பேச்சு இல்லை. மூச்சு வாங்குவது மட்டும் எனக்குக் கேட்டது. பயமாக இருந்தது.

படிக்கிற பிள்ளைகளில் சுங்கைப்பட்டாணி ஊர்ப் பெண் ஒருத்தி. நான் அவளிடம் விசயத்தைச் சொன்னேன். அவள் போய் அவர் கட்டிலருகே நின்றாள்.

“அங்கிள், புது வால்வு மெட்டல். டிக் டிக்னு சத்தம் வரும். சில பேருக்கு கிட்ட நின்னாலே கேக்கும்.”

ரேடியோ மெதுவாகத் திரும்பினார்.

“குழாய் வேணாமா?”

“வேணாம் அங்கிள்.”

“பக்கத்துக் கட்டிலுக்குக் கேக்குமா?”

“எல்லாரும் சும்மா இருந்தா கேக்கலாம்.”

அவர் மலாய்க்காரரின் ஈரலை ஒரு பார்வை பார்த்தார். பெரிய டாக்டரைக் கூப்பிடச் சொன்னார்.

அதற்குள் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த மாதம் சோதனைக்கு வந்தபோது வார்டுக்கு ஏறிப் போனேன். இருக்கிறாரா என்று யாரையும் கேட்கத் தைரியம் வரவில்லை.

அவர் கட்டிலைச் சுற்றி ஒரே வெள்ளைக் கோட்டு. பிள்ளைகள் ஒவ்வொருவராகக் குனிந்து வெறுங்காதால் கேட்டார்கள். ரேடியோ உதட்டில் விரல் வைத்து, வார்டு முழுவதையும் அடக்கிக்கொண்டிருந்தார். நான் வாசலிலேயே நின்று எண்ணினேன். பதினொரு பேர்.

அவர்கள் நகர்ந்ததும் என்னைப் பார்த்துவிட்டார்.

“வா தம்பி. நீயும் கேளு.”

குனிந்தேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. தேவைக்கு மேலேயே கொஞ்ச நேரம் கேட்டேன்.

என்னோடு பன்னிரண்டு.