நாற்பத்தொன்பதாம் இலக்கக் கேங்

என் வாழ்க்கையில் நான் ஒரேயொரு கேங்கில்தான் இருந்திருக்கிறேன். அதில் மொத்த ஆளே நான் ஒருவன்தான். பெரியகல்லாற்றில் ஒன்பது நாள் நடந்தது. பத்தாம் நாள் பொலிஸ் கலைத்துவிட்டது.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. ஆறு வயதில் அம்மாவோடு ரொறன்ரோ போனவன், மாமாவின் மகள் கல்யாணத்துக்காக முதல்முறையாக ஊர் வந்திருந்தேன். அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை.

ரொறன்ரோவில் எங்களைப் போன்ற பொடியன்களுக்கு ஒரு வசதி உண்டு. மூன்று பேர் சேர்ந்து கறுப்பு ஜாக்கெட் போட்டு நடந்தால் போதும், கேங் என்று பெயர் வைத்துவிடுவார்கள். விண்ணப்பம் எதுவும் போடத் தேவையில்லை. கடைக்குள் போனால் காவலாளி பின்னாலேயே வருவான். நானோ டோனட் கடையில் வேலை செய்துவிட்டு மிச்ச நேரம் நூலகத்தில் கிடந்தவன். அப்படியிருந்தும் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் ஒருவர், "நீ எந்தக் குழு?" என்று பகிடி போலக் கேட்டார். நானும் பகிடி போலச் சிரித்தேன். வீட்டுக்குப் போய் ஜாக்கெட்டைக் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன்.

ஊரில் வேறு பிரச்சினை. இங்கே நான் வெள்ளைக்காரன். மாமாவின் மகன் டிலக்சனுக்கும் என் வயதுதான். பின்னேரங்களில் அவன் கூட்டாளிமாரோடு வாவிக்கரைக்குக் கூட்டிப்போவான். முதல் நாள் தோணியில் ஏறும்போது நான் ஒரு பக்கம், தோணி ஒரு பக்கம். இரண்டாம் நாள் நண்டைக் கண்டு கத்தினேன். (செத்த நண்டு.) மூன்றாம் நாள் "வாளைப்பளம்" என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு ஆளுக்காள் என்னை "வாளைப்பளம்" என்று கூப்பிடத் தொடங்கினார்கள்.

அன்றைக்குத்தான் ஒருவன் என் மணிக்கட்டிலிருந்த நீளத் தழும்பைப் பார்த்தான். கொதிக்கிற எண்ணெயிலிருந்து டோனட் எடுக்கும் கம்பித் தட்டுப் பட்ட சூடு அது.

"கனடாவில தமிழ்ப் பொடியனுகள் எல்லாம் கேங்காமே? இது வெட்டா?"

நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"அதப் பத்தி நான் கதைக்கிறேல்ல."

இந்த ஒரு வசனம் செய்த வேலையை நூறு வெட்டும் செய்திருக்காது. சிரிப்பு நின்றது. எனக்கு ஒரு கதிரை வந்தது. பொரித்த இறாலில் பெரியது என் பக்கம் நகர்ந்தது. பதின்மூன்று வருடம் என்னைக் கூனவைத்த அதே சொல் இங்கே என்னை நிமிர்த்தியது. அந்தச் சுகத்தை எப்படி விடுவது? கேங்கின் பெயர் என்ன என்று கேட்டார்கள். அவசரத்தில் நான் வேலைக்குப் போகும் பஸ்ஸின் இலக்கத்தைச் சொன்னேன்.

"போட்டி நைன்."

அடுத்த நாள் டிலக்சன் என்னைப் போலவே காதோரம் வழித்துக்கொண்டு வந்தான். நான் விமானத்தில் போட்டுவந்த ஜாக்கெட்டை ஆகஸ்ட் வெயிலில் போட்டுக்கொண்டு வியர்த்து வழிந்தான். அதற்கும் அடுத்த நாள் அவனுடைய மோட்டார் சைக்கிள் டாங்கியில் வெள்ளைப் பெயின்டில் '49' இருந்தது. வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. (வடிவாகத்தான் எழுதியிருந்தான்.)

கல்யாணத்துக்கு முதல் நாள், மணப்பெண்ணின் சட்டையைத் தையல்காரியிடம் எடுத்துவரப் போன டிலக்சன் திரும்பி வரவில்லை. பின்னேரம் செய்தி வந்தது. வாள்வெட்டுக் குழு என்ற சந்தேகத்தில் சோதனைச்சாவடியில் மறித்துப் பொலிஸ் பிடித்துவைத்திருக்கிறதாம்.

மாமா மண்டபத்தில் நின்றார். மாமியும் நானும் ஓட்டோவில் ஓடினோம். வழியில் மாமி ஒரேயொரு கேள்விதான் கேட்டா.

"மனே, அந்த நாப்பத்தொம்பது என்ன?"

ஓட்டோக்காரரிடம் இன்னும் கெதியாகப் போகச் சொன்னேன்.

பொலிசில் டிலக்சன் முழங்கால்களைச் சேர்த்துவைத்து ஒரு வாங்கில் இருந்தான். பக்கத்தில் அக்காவின் சட்டை இருந்த பை. மேசைக்குப் பின்னால் இன்ஸ்பெக்டர். அவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்த்தவர் ஓட்டமாவடிக்காரரான ஒரு முஸ்லிம் கான்ஸ்டபிள், என்னைவிட ஐந்தாறு வயதுதான் கூட.

"இந்த நம்பர் என்னெண்டு கேட்டா வாயத் துறக்கிறான் இல்ல" என்றார் கான்ஸ்டபிள் மாமியிடம்.

டிலக்சன் என்னைப் பார்த்து, சொல்லாதே என்பதுபோல மெல்லத் தலையாட்டினான்.

"சேர், அது பஸ்" என்றேன்.

"என்ன பஸ்?"

"நான் கனடாவில வேலைக்குப் போற பஸ்."

கான்ஸ்டபிள் சிங்களத்தில் சொன்னார். கனடா பஸ்ஸின் இலக்கம் கல்லாற்று மோட்டார் சைக்கிளில் எதற்கு என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். மிக நியாயமான கேள்வி. நான் எல்லாவற்றையும் கொட்டினேன்: கதிரை, இறால், போட்டி நைன். இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. என் கையைப் பிடித்துத் தழும்பைக் காட்டினார்.

"டோனட் கடையில சுட்டது, சேர்."

கான்ஸ்டபிளுக்கு டோனட் என்ற சாமான் பிடிபடவில்லை. "மா... எண்ணெயில பொரிக்கிறது... நடுவில ஓட்டை" என்று விரலால் வட்டம் போட்டேன். அவர் முகம் மலர்ந்தது.

"உளுந்து வடை!"

"கிட்டத்தட்ட" என்றேன். அவ்வளவுதான். பொலிஸ் புத்தகத்தில் நான் இன்றைக்கும் கனடாவில் உளுந்து வடை சுடுகிறவன்.

இன்ஸ்பெக்டர் தாய் தகப்பனுக்குப் போன் எடுக்கச் சொன்னார். ரொறன்ரோவில் காலை. அம்மா வேலைக்கு வெளிக்கிட்டு பஸ் தரிப்பில் நின்றா. (நாற்பத்தொன்பதுக்குத்தான்.) கான்ஸ்டபிள் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்து விஷயத்தைச் சொன்னார்.

"கேங்கோ? இவனோ?" என்று தொடங்கினா அம்மா. "சேர், இவன் கரப்பான் பூச்சிக்குக் கட்டிலில ஏறி நிக்கிறவன். இருட்டில தனிய டொய்லட்டுக்குப் போகமாட்டான், நான் கதவடியில நிண்டு கதைச்சுக்கொண்டு நிக்கோணும். போன மாசம்வரைக்கும்!"

கான்ஸ்டபிள் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். கரப்பான் பூச்சிக்குக் கையால் அளவும் காட்டினார். இன்ஸ்பெக்டரின் மீசை ஆடத் தொடங்கியது. பக்கத்து அறையிலிருந்தும் இரண்டு பேர் வந்து கதவில் சாய்ந்தார்கள். "அம்மா, போதும்" என்றேன்.

"நீ வாய மூடு!" என்றா அம்மா. அதையும் மொழிபெயர்த்தார்.

பிறகு அம்மாவின் குரல் மாறியது.

"சேர், இவன் நல்ல புள்ள. டிலக்சனும் நல்ல புள்ள. அப்பன் இல்லாம வளர்த்தனான். ஒருத்தர்ர ஒரு சாமானும் தொடமாட்டான். தமிழ்ப் பொடியன் எண்டா எல்லாரும் ஒரு மாதிரிப் பாக்காங்க, சேர். நீங்களும் அப்படிப் பாக்காதீங்க."

எனக்குப் பதினைந்து வயதில் ரொறன்ரோவில் ஒரு கடைக்காரன் என்னையும் இரண்டு கூட்டாளிகளையும் பின்னறையில் இருத்திவைத்தான். நாங்கள் எதையும் எடுக்கவில்லை. அம்மா வேலை உடுப்போடு ஓடிவந்து ஐந்து நிமிடம் தமிழில் பேசினா. ஏறக்குறைய இதே வார்த்தைகள். "என்ன சொல்கிறார்?" என்று கடைக்காரன் கேட்டான். எனக்கு வெட்கமாக இருந்தது. "ஸொரி சொல்கிறார்" என்று மொழிபெயர்த்தேன். அவ்வளவும் ஒரு ஸொரிக்குள் போய்விட்டது. அம்மாவுக்கு அந்த ஆங்கிலச் சொல் தெரியும். பஸ்ஸில் வீடு வரும்வரை அவ என்னோடு பேசவில்லை.

இங்கே ஓட்டமாவடிப் பொலிஸ்காரர் ஒருவர், "கடைசியாச் சொன்னத இன்னொருக்காச் சொல்லுங்க" என்று என் அம்மாவிடம் கேட்டு, அதை முழுசாகச் சிங்களத்தில் சொன்னார். இன்ஸ்பெக்டர் சிரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

டாங்கியில் இருந்ததைச் சுரண்டிவிட்டுப் போகச் சொன்னார்கள். டிலக்சனும் நானும் முற்றத்தில் குந்தியிருந்து மோட்டார் சைக்கிள் திறப்பால் சுரண்டினோம். கான்ஸ்டபிள் பக்கத்தில் வந்து நின்றார்.

"எனக்கும் ஒரு தம்பி இரிக்கான், தாடி வெச்சவன். பொலநறுவை பஸ்ஸில அவனுக்குப் பக்கத்துச் சீட்டு கடைசி வரைக்கும் காலி. அவன் அந்தப் பயங்கரவாதிப் பேர எப்படிக் கழட்டுறதெண்டு தெரியாம திரியிறான். நீ காசு குடுத்து பிளேன் ஏறி வந்து மாட்டிக்கிட்டு நிக்காய்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மாமி ஓட்டோவில் போனா. டிலக்சன் மோட்டார் சைக்கிளை ஓட்ட, நான் பின்னால் சட்டை இருந்த பையோடு இருந்தேன். வழியில் கேட்டான்.

"அப்ப நீ ஒருத்தரையும் வெட்டல்லயா மச்சான்?"

"இல்ல."

"அடிக்கக்கூட இல்லயா?"

"இல்லடா."

"உன்னக் காட்டிக்குடுத்தா பாஸ்போட்டப் பறிச்சிருவாங்க எண்டுதான் மூண்டு மணித்தியாலம் வாயத் துறக்காம இரிந்தன். ரெண்டு அறையும் வாங்கினன்." குறுக்கே வந்த மாட்டுக்கு ஹோர்ன் அடித்தான். "ஒரு பஸ்ஸுக்காகவாடா?"

மன்னிப்புக் கேட்டேன். காற்றில் அவனுக்குக் கேட்டதோ தெரியாது. நான் ஒன்பது நாளில் கழற்றி வைத்துவிட்டு விமானம் ஏறலாம் என்று நினைத்த பெயர் அவன் கன்னத்தில் இரண்டு தரம் விழுந்திருந்தது. அதற்குப் பிறகும் அந்தச் சோதனைச்சாவடியைத் தினமும் தாண்டிப் போகவேண்டியவன் அவன்தான்.

கல்யாண வீட்டில் மாமி சமையல்காரரிடம் கதையைச் சொல்லிவிட்டிருந்தா. "எங்க, கனடாவில வடை சுடுற தம்பி?" என்று என்னை எண்ணெய் கொதித்த தாச்சிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அன்று நான் சுட்டது எதற்கும் நடுவில் ஓட்டை வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் அதைப் போண்டா என்று நினைத்துச் சாப்பிட்டார்கள்.

இப்போது ஓட்டை வருகிறது, நன்றாக வருகிறது. ஒவ்வொரு முறை நான் ஊர் போகும்போதும் மாமி முதல் நாளே உளுந்து ஊறப்போட்டுவிடுவா. சுடுவது நான்தான். முதல் இரண்டு வடையும் டிலக்சனுக்கு, ஒரு அறைக்கு ஒன்று. அது எங்கள் வீட்டுச் சட்டம். அவன் மூன்றாவதுக்குக் கையை நீட்டினால் மாமி அகப்பையால் தட்டுவா.

"மூண்டாவது அறை விழல்லயே மனே!"

எல்லாரும் சிரிப்போம். டிலக்சன் கொஞ்சம் பிந்தித்தான் சிரிப்பான்.