மாப்பிள்ளைக்கு வந்த பெயரில்லாப் பார்சல்

கண்டிப் பக்கத்துக் கெலிஓயாவில் மாப்பிள்ளையைப் போலப் பெயர் கெட்ட மனிதர் முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருக்கப்போவதில்லை. இத்தனைக்கும் அவர் கல்யாணமே ஆகாதவர். ஐம்பது வயது, ஒட்டிய கன்னம், கடைத்தெரு ஓரத்தில் குடை திருத்தும் வேலை. மாப்பிள்ளை என்பது நாங்கள் வைத்த பட்டம்.

காரணம், தபால். எழுபதுகளில் பத்திரிகைகளில் ஒரு விளம்பரம் வந்தது. விலாசம் எழுதிப் போட்டால் ஆணுறைகள் வீடு தேடி வரும், யாருக்கும் தெரியாதபடி பொதியின்மேல் அனுப்பியவர் பெயரே இருக்காது. கெலிஓயாவுக்கு வரும் பொதிகளில் அனுப்பியவர் பெயர் இல்லாதது அது ஒன்றுதான். அதனால் அதற்குள் என்ன இருக்கிறது என்று குழந்தைகளைத் தவிர எல்லோருக்கும் தெரியும். "மாப்புள்ள, பேரில்லாத பார்சல்!" என்று தபால்காரர் தெருமுனையிலிருந்தே கத்துவார்.

"தனியாள் ஒங்களுக்கு ஏன் இவ்வளவு?" என்பார், நாங்கள் நானா என்று கூப்பிடும் தேத்தண்ணிக்கடை முதலாளி.

"மழ வந்த பொறகா நானா குடை தேடுவாங்க?" என்று மாப்பிள்ளை கம்பியை வளைத்துக்கொண்டே சொல்வார்.

அவர் யாருக்காக வாங்கினார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். மேலே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் செல்லம்மாவுக்காக. மூன்றாவது பிரசவத்தில் செத்துப் பிழைத்தவள். இன்னொன்று என்றால் உயிர் தங்காது என்று பேராதனை டொக்டர் சொல்லியிருந்தார். தோட்டத்துக்கு வரும் பொதியை ஆபீசில் பிரித்துப் பார்த்து, காலையில் பேர் வாசிக்கும் பிரட்டுக்களத்தில் எல்லோர் முன்னிலையிலும் கொடுப்பார்கள். அவள் எப்படி வரவழைப்பாள்? குடை திருத்த வந்த இடத்தில் அழுதிருக்கிறாள். மாப்பிள்ளை தன் விலாசத்தை எழுதிப் போட்டார். பிறகு இன்னும் சில பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். வந்ததையெல்லாம் மடித்த குடைக்குள் வைத்துக் கொடுத்தனுப்புவார்.

பட்டத்துக்கு அவர் கொடுத்த விலை கொஞ்சமல்ல. வாடகை அறையிலிருந்து கிளப்பினார்கள். தேர்த்திருவிழாவில் சாமிக்குப் பிடிக்கும் பெரிய குடையை வருடாவருடம் அவர்தான் தைப்பார். "அந்தக் கையே வேணாம்" என்று தர்மகர்த்தா வேறொருவரிடம் கொடுத்தார். பாதி வழியில் பெய்த மழையில் குடை கவிழ்ந்து, முருகன் இரண்டு மனைவியரோடும் சொட்டச் சொட்ட நனைந்தபடி கோயில் திரும்பினார்.

"சாமிக்குச் சளி புடிக்காம இருந்தாச் சரி" என்றார் மாப்பிள்ளை.

ஒரு மாதம் லொறிக்கார இளவட்டங்கள் தபால்காரரிடமிருந்து பொதியைப் பறித்துப் பிரித்தார்கள். ஒவ்வொன்றாய் ஊதி, தேத்தண்ணிக்கடை வாசலில் தோரணம் கட்டினார்கள். தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மாப்பிள்ளை ஓடி வந்தார்.

"நானா, வெளையாட்டு இல்ல. இதுல ஒரு உசிரு இருக்கு!"

அதற்கும் சிரித்தார்கள். அந்த மாதம் செல்லம்மாவின் குடை வெறுமையாகத் தோட்டத்துக்குப் போனது.

பத்து மாதம் கழித்து அவள் புருசன் அதே குடையோடு வந்தான். தேத்தண்ணிக்கடையில் நின்ற எங்கள் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான்.

"அண்ணே, புள்ளப்பேத்துல செல்லம்மா போயிருச்சு. ஒங்க பார்சல நம்பித்தான் அது இத்தன நாளு உசிரோட இருந்துச்சு. இந்தக் குடைய வேற யாருக்காச்சும் குடுங்க."

நானா "யா அல்லாஹ்" என்று நெற்றியில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளை எங்களை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். குடையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி இருந்தார்.

அடுத்த மாதமும் பார்சல் வந்தது. தபால்காரர் கத்தவில்லை. சைக்கிளை விட்டு இறங்கி, இரண்டு கையாலும் கொடுத்தார்.

அப்போது எங்களுக்கு நாலு பிள்ளைகள். அந்த வாரம் என் மனைவி, ஒரு கம்பிகூட முறியாத புதுக் குடையை எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள்.

அவர் அதை விரித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத் திருத்தி வைக்கிறேன் தங்கச்சி" என்றாராம். எங்களுக்கு ஐந்தாவது பிறக்கவில்லை. என் மனைவி இன்னும் இருக்கிறாள். மழை நாளில் அவள் குடை விரிக்கும்போதெல்லாம் அந்த மனிதரை நினைத்து எனக்குக் கண் கலங்கிவிடுகிறது.